இயக்குபவர் ஆபத்தில் இருக்கிறார்

எனக்குக் காலில் விழும் வியாதி உண்டு. மரியாதை என்று சொல்லிச் சமாளிக்கலாம்தான். ஆனால் அருப்புக்கோட்டை பஸ் ஸ்டாண்டில் டிக்கெட் பரிசோதகரின் காலைத் தொட்டுக் கும்பிட்டவன் அப்படியெல்லாம் பேச முடியாது. (தலை நரைத்திருந்தார், எங்கள் பெரியப்பா சாயல் வேறு. நிமிர்ந்து பார்த்தால், “டிக்கெட் இருக்கா, இல்லையா?” என்று மட்டும் கேட்டார்.)

எங்கள் வீட்டு வளர்ப்பு அப்படி. விசைத்தறியில் புதுப் பாவு நூல் ஏற்றினாலும் சரி, நான் பரீட்சைக்குக் கிளம்பினாலும் சரி, மூத்தவர் காலைத் தொடாமல் எதுவும் தொடங்காது. வீட்டுக்குள் தெலுங்கு, தெருவில் தமிழ், வேலையில் அரைகுறை இங்கிலீஷ் என்று என் நாக்கு எப்போதும் குழம்பியே கிடக்கும். முதுகுக்கு அந்தக் குழப்பமே கிடையாது. நரைத்த தலையைக் கண்டால் தானாக வளைந்துவிடும்.

இப்படிப்பட்டவனைத்தான் திருச்சுழி போகிற வழியில் இருக்கும் ஒரு சுண்ணாம்புக்கல் ஆலையில் பாதுகாப்புப் பிரிவில் வேலைக்கு எடுத்தார்கள். ஆலையின் பெயர் வேண்டாம், இன்னும் அங்கேதான் சம்பளம் வாங்குகிறேன். ஆலைக்குள் சொந்தத் தண்டவாளம் உண்டு. கல் லோடு ஏற்றிய வேகன்களை ஓர் எஞ்சின் இழுத்துக்கொண்டு போகும். நான் சேர்ந்த சமயம், டிரைவரே ஏறாமல் கீழே நின்று ரிமோட்டில் ஓட்டுகிற எஞ்சினை வாங்கியிருந்தார்கள்.

ரிமோட் என்றதும் டி.வி. ரிமோட்டை நினைக்க வேண்டாம். அது வார் போட்டு வயிற்றோடு கட்டிக்கொள்ளும் ஒரு பெட்டி. இரண்டு பக்கமும் கைப்பிடி, நடுவில் சிவப்புப் பொத்தான். கட்டிக்கொண்டால் கல்யாண வீட்டில் தட்டு ஏந்தி நிற்கிறவன் மாதிரி இருக்கும். இதற்கான பாதுகாப்பு விதிகளைத் தமிழில் எழுதி ஆட்களுக்குச் சொல்லிக்கொடுப்பது என் வேலை.

அதில் எனக்கு மிகவும் பிடித்த விதி ஒன்று உண்டு. எஞ்சினை ஓட்டுகிறவர் வெயிலில் மயங்கி விழுந்துவிட்டால் என்ன செய்வது? எஞ்சின் பாட்டுக்குப் போய்க்கொண்டே இருக்குமே! அதனால் பெட்டிக்குள்ளே ஒரு சென்சார் வைத்திருந்தார்கள். பெட்டி ரொம்பச் சாய்ந்தால், சற்றுப் பொறுத்துப் பார்த்துவிட்டு, எஞ்சின் தானாக பிரேக் போட்டுக்கொள்ளும். கூடவே எஞ்சின் ஷெட் கூரையில் இருக்கும் ஸ்பீக்கர் அலறும்: “ஆபத்து! இயக்குபவர் ஆபத்தில் இருக்கிறார். உடனே உதவிக்குச் செல்லவும்.”

இதைச் சொல்லிக்கொடுக்க, பரளச்சியிலிருந்து வேலைக்கு வரும் முருகேசண்ணனைப் பெட்டியோடு சாக்கில் மல்லாக்கப் படுக்க வைத்துப் பலமுறை செய்து காட்டியிருக்கிறேன். அவர்தான் எங்கள் ஆஸ்தான மயக்கக்காரர். நான் எழுதிய விதிகள், நான் நடத்திய வகுப்பு. அந்தப் பெட்டியைப் பற்றி என்னைவிடத் தெரிந்த ஆள் ஜில்லாவிலேயே இல்லை என்ற நினைப்பு எனக்கு.

பிறகு அந்த நாள் வந்தது. பாதுகாப்பு ஆய்வுக்கு வெளியூரிலிருந்து ஓர் அதிகாரி வருகிறார். அவர் அனுமதி கொடுத்தால்தான் எஞ்சின் ஓடும். எஞ்சின் ஓடினால்தான் எனக்கு வேலை நிரந்தரம். வேலை நிரந்தரமானால்தான் கல்யாணம். பாளையம்பட்டியில் எனக்குப் பெண் பார்த்திருந்தார்கள். பவித்ராவுக்கு என்னைப் பிடித்திருந்தது. அவள் அப்பாவுக்கு என் வேலையைப் பிடிக்கவில்லை. “ஆளில்லாம எஞ்சின் ஓடும்னா, உங்களுக்கு அங்கன என்ன சோலி?” என்று கேட்டார். “வேலை நிரந்தரம்னு பேப்பர் வரட்டும், தேதி குறிப்போம்” என்று முடித்துவிட்டார்.

அதிகாரி வந்தார். ஐம்பது வயதைத் தாண்டிய அம்மையார், பருத்திப் புடவை, தலையில் ஆலைத் தொப்பி. சிரிப்பைக் காரிலேயே விட்டுவிட்டு இறங்கியதுபோல் தெரிந்தது. விதிகளைப் புரட்டிப் பார்த்தவர், “இதை எழுதினது யாரு?” என்றார். பெருமையோடு கை தூக்கினேன். “அப்ப நீங்களே ஓட்டிக் காட்டுங்க.” முருகேசண்ணன் நிம்மதியாகப் பெட்டியைக் கழற்றி என் வயிற்றில் கட்டினார்.

அம்மையாரும் மேனேஜர் கணேசன் சாரும் ஷெட் வாசலில் நின்றார்கள். நான் தண்டவாளத்து ஓரத்தில், கொஞ்சம் தள்ளி. கைப்பிடியைத் தள்ளினேன். எஞ்சின் வேகன்களை இழுத்துக்கொண்டு சாதுவாக நகர்ந்தது. அப்போது பார்த்து ஒரு கார் என் பக்கத்தில் வந்து நின்றது. ஆலையை ஆரம்பித்த பெரியவர் கைத்தடியோடு இறங்கினார். வயது எண்பதுக்கு மேல். தலையில் ஒரு கறுப்பு முடி கிடையாது.

என் முதுகு என்னைக் கேட்கவில்லை. குனிந்து காலைத் தொட்டேன். பெரியவர் என் தலையில் கை வைத்து, “நல்லாயிருய்யா, குடும்பத்தோட நல்லாயிரு” என்று சாவகாசமாக ஆசி கொடுத்தார். கையை எடுத்தார், நான் நிமிர்ந்தேன், ஸ்பீக்கர் அலறியது.

“ஆபத்து! இயக்குபவர் ஆபத்தில் இருக்கிறார். உடனே உதவிக்குச் செல்லவும்.”

எஞ்சின் கிறீச்சென்று நின்றது. ஆலையே ஓடியது. ஆபத்தில் இருப்பதாகச் சொல்லப்பட்டவன் நான். ஓடியவர்கள் எல்லாரும் எஞ்சினைப் பார்த்து ஓடினார்கள்.

“யாருப்பா ஆபத்துல?” என்று கத்தினார் கணேசன் சார்.

“நான்தான்னு சொல்லுது சார். ஆனா நான் நல்லாத்தான் இருக்கேன்.”

உண்மையாகவே எனக்குப் புரியவில்லை. காலுக்குக் கீழே பாம்பு இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டேன். நாடிகூடப் பிடித்துப் பார்த்தேன். ஒருவேளை எனக்கே தெரியாமல் எனக்கு ஏதோ ஆகிவிட்டதோ என்ற பயம் வந்துவிட்டது.

“பூசை போடாம எடுத்தா இப்படித்தேன்” என்றார் பெரியவர். அவர் சொல்லுக்கு மறுசொல் ஏது? எஞ்சினுக்குச் சந்தனம், குங்குமம், மாலை. சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம். சூடம் ஏற்றினார்கள். எஞ்சின் நின்றுகொண்டுதான் இருந்தது. நான் பயபக்தியோடு குனிந்து, தண்டவாளத்தில் நெற்றி படக் கும்பிட்டு, வேலை, கல்யாணம் இரண்டையும் வேண்டிக்கொண்டேன். வேண்டுதல் கொஞ்சம் நீளம்.

“ஆபத்து! இயக்குபவர் ஆபத்தில் இருக்கிறார்...”

சூடத்தட்டு கீழே விழுந்தது. துள்ளி எழுந்து விறைப்பாக நின்றேன். நிற்கிற எஞ்சினுக்கு என்ன ஆபத்து? ஆளாளுக்கு ஒரு காரணம் சொன்னார்கள். செல்போன் டவர் என்றார் ஒருவர். ஷெட் மேலே உட்கார்ந்திருந்த மயில் ஒயரைக் கொத்தியிருக்கும் என்று இன்னொருவர் கல்லை எடுத்தார். கணேசன் சார் எல்லாருடைய செல்போனையும் பிடுங்கி ஒரு வாளியில் போட்டார். அம்மையார் எழுதிக்கொண்டே இருந்தார். அவர் எழுத எழுத, பாளையம்பட்டி என்னைவிட்டுத் தூரமாகப் போய்க்கொண்டிருந்தது.

பேட்டரியை மாற்றிவிட்டு மறுபடி எடுத்தோம். எஞ்சின் அழகாக ஓடியது. நானும் கூடவே நடந்தேன், எல்லாரும் பின்னாலேயே வந்தார்கள். கைதட்டினார்கள். பாதி தூரத்தில், கருவேலங்காட்டை ஒட்டிக் கருப்பசாமி கோயில் வரும். பின்னால் வந்த முருகேசண்ணன், “தம்பி, சாமிகிட்ட ஒரு வார்த்தை சொல்லிக்கோங்க. அவுக எல்லைக்குள்ள போறோம்” என்றார். எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. நன்றாகக் குனிந்து, மண்ணைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, துன்னூறும் அள்ளி நெற்றியில் பூசினேன்.

“ஆபத்து!”

“சரியா எல்லையில நிப்பாட்டிட்டாரு பாத்தீகளா!” என்று முருகேசண்ணன் கன்னத்தில் போட்டுக்கொண்டார். பெரியவர் சேவல் பிடித்து வர ஆள் அனுப்பினார். (அந்தச் சேவலுக்கும் அன்றைக்கு என்னைப் போலவே ஒன்றும் புரிந்திருக்காது.)

அம்மையார் பேனாவை மூடினார். “அனுமதி தர முடியாது. காரணம் தெரியாம நிக்கிற எஞ்சின், நாளைக்குக் காரணம் தெரியாம ஓடவும் செய்யும். வித்தவங்களையே எடுத்துட்டுப் போகச் சொல்லிடுங்க.”

கணேசன் சார் என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையில், எஞ்சினோடு சேர்த்து என்னையும் லாரியில் ஏற்றிக்கொண்டிருந்தார். பவித்ரா வீட்டில் என்ன சொல்வேன்? கருப்பசாமிக்குச் சம்மதமில்லை என்றா? கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு வந்தது. ஓடிப்போய், “அம்மா, ஒரே ஒரு சான்ஸு குடுங்கம்மா, என் வாழ்க்கையே இதுலதான் இருக்கு!” என்று அந்த அம்மாள் காலில் விழுந்தேன்.

விழுந்தவன் எழவில்லை. எழுந்து எங்கே போக?

“ஆபத்து! இயக்குபவர் ஆபத்தில் இருக்கிறார். உடனே உதவிக்குச் செல்லவும்.”

இந்த முறை யாரும் ஓடவில்லை. எனக்கு அவருடைய செருப்பு மட்டும்தான் தெரிந்தது. அது ஒரு அடி பின்னால் போயிற்று.

“அப்படியே இருங்க” என்றார் அம்மையார். இருந்தேன். “எந்திரிங்க.” எழுந்தேன். அலறலை நிறுத்தச் சொன்னார், நிறுத்தினேன். “இப்பக் குனிங்க.” குனிந்தேன். ஆபத்து. “பக்கவாட்டுல சாயுங்க.” ஆபத்து. “முட்டி போடுங்க.” முட்டி போட்டும் பெட்டி நேராக இருந்ததால் ஆபத்து இல்லை, அதையும் குறித்துக்கொண்டார். சுற்றிலும் ஆலையே நின்று வேடிக்கை பார்க்க, பள்ளிக்கூடத்து டிரில் மாதிரி என்னைக் குனியவும் நிமிரவும் வைத்தார். குனியக் குனியத்தான் எனக்கு விளங்கியது. மயங்கி விழுகிறவனை மனதில் வைத்து விதி எழுதியவனுக்கு, கும்பிடுகிறவனின் வயிற்றிலும் அதே பெட்டிதான் சாயும் என்று தோன்றவே இல்லை. பெட்டிக்கு மயக்கமும் மரியாதையும் ஒன்றுதான்.

“காலைல இருந்து எத்தனை பேரைக் கும்பிட்டீங்க?” என்றார்.

“பெரியவரு, எஞ்சினு, கருப்பசாமி, அப்புறம் நீங்கம்மா.”

காரில் விட்டுவிட்டு வந்த சிரிப்பு அப்போதுதான் வந்து சேர்ந்தது. தொப்பியைக் கழற்றிவிட்டுச் சிரித்தார். பெரியவர் கைத்தடியைத் தட்டிச் சிரித்தார். சேவலோடு வந்தவன் ஏன் என்று தெரியாமலே சிரித்தான். “மிஷின் ஒழுங்காத்தான் வேலை செய்யுது. இவ்வளவு தடவை சாய்ச்சுச் சோதிச்ச ஆய்வை நான் எங்கேயும் பார்த்ததில்லை” என்று சொல்லி அனுமதியில் கையெழுத்துப் போட்டார். ஆனால் ஒரு புது விதியைச் சேர்த்தார். அதை என் கையாலேயே எழுத வைத்தார். இன்றும் அது மஞ்சள் பலகையில் தண்டவாளத்து ஓரம் நிற்கிறது:

‘பணி நேரத்தில் இயக்குபவர் எவர் காலிலும் விழக் கூடாது. கைகூப்பினால் போதும்.’

ஆலைக்கு வருகிற கட்சிக்காரர்கள் அந்தப் பலகையை இரண்டு தடவை படித்துவிட்டு, வேட்டியைச் சரிசெய்துகொண்டு நகர்ந்துவிடுகிறார்கள்.

வேலை நிரந்தரமானது. பாளையம்பட்டியில் கல்யாணமும் நடந்தது. தாலி கட்டி முடித்து, நானும் பவித்ராவும் மாமனார் காலில் விழக் குனிந்தோம். மண்டபத்து மைக்செட் அலறியது: “ஆபத்து! இயக்குபவர் ஆபத்தில் இருக்கிறார்!” முருகேசண்ணன் அந்தக் குரலை ஆலையிலிருந்து செல்போனில் பதிந்து வந்து மைக்செட்காரரிடம் கொடுத்திருந்தார். மாமனார் அட்சதைத் தட்டோடு பின்னால் தாவினார். எல்லாப் பெரியவர்கள் காலிலும் விழுந்து முடிக்கும்வரை ஸ்பீக்கர் ஓயவில்லை. வீடியோக்காரர் அதைத்தான் கல்யாண வீடியோவின் தொடக்கத்தில் சேர்த்திருக்கிறார்.

இப்போது அந்த வேலையை என் மகள் எடுத்துக்கொண்டிருக்கிறாள். கட்டிலுக்கு அடியில் செருப்பைத் தேடிக் குனிந்தாலும் அறிவிப்பு வரும். எனக்கும் பவித்ராவுக்கும் சண்டை வந்தால், முதலில் குனிகிறவன் எப்போதும் நான்தான். உடனே சமையலறை வாசலில் நின்று, முழுசாக, ஒரு சொல் விடாமல் சொல்லுவாள்: “ஆபத்து! இயக்குபவர் ஆபத்தில் இருக்கிறார். உடனே உதவிக்குச் செல்லவும்.”

இதுவரை ஒருவரும் வந்ததில்லை.