காளைக்குள் போன ஞானஸ்நானச் சீட்டு

திருமங்கலம்,
5-2-1936.

மகாராஜராஜஸ்ரீ சம்பந்தி தனிஸ்லாஸ் அவர்கள் சமூகத்துக்கு, டிராயிங் வாத்தியார் சூசைமாணிக்கம் அநேக ஸ்தோத்திரம். தேவ கிருபையால் இவ்விடம் யாவரும் சௌக்கியம். என் மனைவி தெரசா மட்டும் மூன்று நாளாக என்னோடு பேசவில்லை. அவ்விடத்துச் சௌக்கியத்துக்கும், முக்கியமாக உங்கள் பொறுமைக்கும், மன்றாடுகிறேன்.

விஷயம் சிறியதுதான். உங்கள் மகன் அருளப்பனின் ஞானஸ்நானச் சீட்டை நான் கத்தரித்துவிட்டேன்.

வேண்டுமென்று செய்யவில்லை. இருபது வருஷமாகப் பிள்ளைகளைப் பூசணிக்காய் வரையச் சொல்லிவிட்டு நாற்காலியில் உட்கார்ந்திருந்தவன் நான். போன ஜூனில் கரும்பலகையில் பூசணிக்காய் போட்டேன், அது பானையாக வந்தது, பின்பெஞ்சு முழுக்கச் சிரித்தது. அன்றைக்கே தீர்மானித்தேன்: தினம் ஒரு படம் வரைவது, ஒரு ஒட்டுப்படம் செய்வது, ஒரு நாளும் தவறுவதில்லை. காய்ச்சலில் கிடந்த நாளில்கூடப் போர்வைக்கு வெளியே நீட்டிய என் கால் பெருவிரலை வரைந்தேன். ஒட்டுப்படத்துக்குத் தீப்பெட்டிச் சீட்டு, பழைய காலண்டர், ஜவுளிக்கடைக் காகிதம் என்று ஒரு கட்டே சேர்த்தேன். பசைக்கு வடிகஞ்சி. கஞ்சிக்கு எறும்பு வந்தது, எறும்புக்குக் கோழி வந்தது, கோழி நான் ஒட்டிய கப்பலில் பாதியைத் தின்றது. அதையும் பொறுத்துக்கொண்டேன்.

போன வாரம் ஜல்லிக்கட்டுக் காளை ஒன்று செய்ய ஆசை வந்தது. உடம்புக்கு நல்ல காகிதம் இல்லை. கட்டின் அடியில் கெட்டியாக, சந்தன நிறத்தில் ஒன்று கிடந்தது. லத்தீனில் ஏதோ அச்சடித்திருந்ததால் மருந்துக்கடை விளம்பரம் என்று நினைத்து வெட்டினேன். அதிலிருந்த ஊதா முத்திரை கண்ணுக்கு வெகு பொருத்தமாக அமைந்தது. காளை பிரமாதம், சம்பந்தி. சட்டம் போட்டு மாட்டிவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை தெரசா பத்திரங்கள் வைக்கும் பெட்டிப் பக்கமே போகாமல் நேரே என் காகிதக் கட்டைப் பிரித்தாள்.

“சீட்டு எங்க?”

“எந்தச் சீட்டு?”

“மாப்ள சீட்டுதேன். களவாணிப்பய கைவைக்காத இடம் உங்க குப்பைதேன்னு அதுக்குள்ள வச்சேன்.”

நான் சுவரைக் காட்டினேன். மாப்பிள்ளை பெயர் திமிலில் இருந்தது. சம்பந்தியம்மா வாலில் இருந்தார்கள். உங்கள் பெயர் பின்னங்காலில், மன்னிக்கவும்.

“அம்புட்டுப் பேப்பரை வெட்டியும் ஆசை தீரல, பெத்த மக கலியாணத்தையும் வெட்டிப்புட்டீங்க!” என்றாள். அதுதான் கடைசியாகப் பேசியது.

வருகிற ஞாயிறு தொடங்கி மூன்று ஞாயிறும் கோவிலில் கலியாண ஓலை வாசித்துச் சபையறியச் சொல்லியாக வேண்டும். சீட்டில்லாமல் பங்குச் சாமியார் வாசிக்க மாட்டார். ஒரு ஞாயிறு தவறினாலும் தபசுகாலம் வந்துவிடும். பிறகு பாஸ்குத் திருநாள் வரை கலியாணம் கிடையாது. மகள் பிலோமினாள் தைத்து முடித்த ரவிக்கையையே பிரித்துப் பிரித்துத் தைக்கிறாள். அதைப் பார்க்க என்னால் முடியவில்லை. ஆகையால் உங்கள் பங்குக் கோவிலில் வேறு நகல் வாங்கி உடனே அனுப்பக் கெஞ்சுகிறேன். கத்தரிக்கோலைக் கிணற்றில் போட்டுவிட்டேன். தினப்படி நியமம் இன்றோடு முற்றிற்று. இனி பூசணிக்காய் பானையாக வந்தால் வரட்டும்.

சம்பந்தியம்மாவுக்கு என் ஸ்தோத்திரம்; மாப்பிள்ளைக்கு ஆசீர்வாதம்; திண்டுக்கல்லில் என்னை இன்னும் மதிக்கிறவர்கள் இருந்தால் அவர்களுக்கும் என் அன்பு.

இப்படிக்கு,
தலைகுனிந்த,
சூசைமாணிக்கம்.

பின்குறிப்பு: 9-2-1936, ஞாயிறு. பயத்தில் இந்தக் கடிதம் நாலு நாளாகச் சட்டைப்பையிலேயே கிடந்தது. நேற்று பிலோமினாள் யாரிடமும் சொல்லாமல் காளையைச் சட்டத்தோடு கழற்றிக்கொண்டு போய்ச் சாமியார் முன்னால் நிறுத்திவிட்டாள். அவர் திமிலிலிருந்து வால் வரை விரல் வைத்துப் படித்து, “எல்லாம் இருக்கே! கண்ணுல முத்திரைகூட இருக்கு” என்றாராம். இன்று பூசையில் காளையைப் பார்த்தே முதல் ஓலையை வாசித்துவிட்டார். தெரசா பேச ஆரம்பித்தாள், இன்னும் நிறுத்தவில்லை. பக்கத்து வீட்டுச் சிவனாண்டி கிணற்றில் இறங்கிக் கத்தரிக்கோலை எடுத்துத் தந்தார். காளையைப் புகுந்த வீட்டுக்குக் கொண்டுபோகப் போவதாக மகள் சொல்லிவிட்டாள். ஆகவே கலியாணத்துக்கு வேறு நகல் தேவையில்லை. இருந்தாலும் தயவுசெய்து ஒன்று வாங்கி அனுப்புங்கள். அதே காகிதம், அதே ஊதா முத்திரை. மகளும் காளையும் போய்விட்டபின் என் வீட்டுச் சுவரில் ஒரு பசுவாவது நிற்கட்டும்.