அக்காவின் கணினியில் ஒரு பள்ளம்

ஓடிக்கொண்டிருக்கிற ஒன்றைத் திறந்து பார்க்காமல் சும்மா இருப்பது பெரிய தவம். அந்தத் தவம் எனக்கு வாய்க்கவில்லை. பன்வில தேயிலைத் தோட்டத்து லயத்தில், அந்த வரிசை வீடுகளில் ஒன்றான எங்கள் வீட்டில், ரேடியோ நன்றாகப் பாடிக்கொண்டிருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, இன்னும் நன்றாகப் பாடட்டுமே என்று அதைத் திறந்தவன் நான். (அதன் பிறகு அது பாடவில்லை. அம்மா பாடினார். பாட்டு முழுக்க என்னைப் பற்றித்தான்.)

இப்படிப்பட்டவனுக்குக் கணினி திருத்துகிற வேலை கிடைத்தது கடவுளின் குறும்பு என்றுதான் சொல்ல வேண்டும். கண்டி டவுனில் நிஸாம் நானாவின் கடையில் சேர்ந்தேன். (முஸ்லிம் ஆட்களிடம் அண்ணன் என்றால் நானா.) படிப்பு, சான்றிதழ் ஒன்றும் கிடையாது. உடைத்து உடைத்துக் கற்றதுதான். எல்லா வியாதிக்கும் என்னிடம் ஒரே மருந்து இருந்தது: அழிறப்பர். பள்ளிப் பிள்ளைகள் பென்சில் எழுத்தை அழிக்கிற அதே சாமான். நினைவகக் கார்டை, அதாவது ரெம்மை, கழற்றி, அதன் பொன்னிற விளிம்பை அழிறப்பரால் நாலு இழுப்பு இழுத்துத் திரும்பப் போட்டால் செத்துக் கிடந்த மெஷின்களில் பாதி எழுந்து உட்காரும். எங்கள் தொழிலில் அது விபூதி மாதிரி.

“கப்பல் முழுகினாலும் இவன் அழிறப்பர எடுத்துக்கிட்டுத்தான் போவான்,” என்பார் நானா. கூடவே இன்னொன்றும் சொல்வார்: “ஓடுற மெஷினுக்கு வைத்தியம் பாக்காத தம்பி. சாகாத ஆளுக்கு யாராவது கபன் துணி வெட்டுவானா?”

நான் சொலவடைகளைச் சேர்ப்பவன். இதையும் சேர்த்து வைத்தேன். சேர்த்து வைத்தேனே தவிர, கடைப்பிடிக்கவில்லை.

நாட்டில் டொலர் இல்லாமல் சாமான் வராமல் போன அந்த வருடம். பெற்றோலுக்கு வரிசை, சமையல் காஸுக்கு வரிசை. என் சாந்தி அக்காவின் முதுமாணி (மாஸ்டர்ஸ்) படிப்புக்கு வாய்மொழிப் பரீட்சை வந்தது. அக்கா பன்வில பக்கத்துத் தோட்டப் பாடசாலை ஒன்றில் டீச்சர். கல்யாணம் முடித்துக் குண்டசாலையில் இருக்கிறார். மூன்று வருடமாக பஸ்ஸில் நின்றுகொண்டே குறிப்பு எழுதி முடித்த ஆய்வு. நடுவில் பாடசாலைக்கு வராமல் நின்று, பிறகு திரும்பி வருகிற தோட்டப் பிள்ளைகளைப் பற்றியது. பெற்றோல் இல்லாததால் பரீட்சையை இணையத்திலேயே வைக்கிறோம் என்றார்கள். பரீட்சகர் மூன்று பேரில் ஒருவர் அடுத்த கிழமை வெளிநாடு போகிறவர். அன்றைக்குத் தவறினால் புது ஆள் தேடி, நாள் குறிக்க இன்னொரு வருடம் ஆகும்.

அந்த நேரம் பார்த்து அக்காவின் பழைய கணினி அடிக்கடி உறைந்து நிற்கத் தொடங்கியது.

ஒரு பகல் முழுக்கச் சோதனை ஓடவிட்டுப் பார்த்தேன். இரண்டு ரெம் கார்டில் ஒன்றுக்குள் ஓரிடம் அழுகிப் போயிருந்தது. கொஞ்ச இடம்தான். ஆனால் அங்கே எழுதியதை மறுபடி வாசித்தால் வேறொன்று வரும். அந்தக் கார்டைக் கழற்றி எறியவும் முடியாது. ஒற்றைக் கார்டால் வீடியோ அழைப்பையும் படங்களையும் சேர்த்துத் தாங்க முடியாது. நானாவிடம் கேட்டேன்.

“கொழும்புக்கும் கோல் எடுத்துப் பாத்துட்டன். ஒரு ரெம் இல்ல. இப்ப ரெம் கேக்கிறதும் யானப்பால் கேக்கிறதும் ஒண்டுதான்.”

அப்போதுதான் எனக்குக் கேர்னல் ஞாபகம் வந்தது. இயங்குதளத்தின் நடு உயிர் அது. எந்த நிரலுக்கு நினைவகத்தில் எந்த இடம் என்று பங்கிட்டுக் கொடுக்கிறது அதுதான். மெஷின் எழும்பும்போது அது சொல்கிற செய்திகளை, மற்றவர்கள் பேப்பர் வாசிக்கிற மாதிரி வரிவரியாக வாசிக்கிற பழக்கம் எனக்கு உண்டு. அப்படித்தான் அதன் மேல் எனக்கு ஒரு மரியாதை வந்தது.

குண்டசாலை வீட்டு மேசையில் உட்கார்ந்து, அக்காவுக்கும் அத்தானுக்கும் பிரசங்கம் வைத்தேன். அத்தான் யாழ்ப்பாணத்து ஆள், அரசாங்க உத்தியோகம். கையெழுத்து இல்லாத எதையும் நம்பமாட்டார்.

“நம்ம லயத்துல ஏழாம் நம்பர் வீட்டுக்கு அடுத்தது என்ன நம்பர் அக்கா?”

“பத்து. எட்டும் ஒன்பதும் மண்சரிவுல போயிருச்சே.”

“பத்தாம் நம்பர் ஆள்கிட்ட போய், இனி நீங்கதான் எட்டுன்னு யாராவது சொன்னாங்களா? தபால்காரர் ஏழுல குடுத்துட்டு, பள்ளத்தைச் சுத்திக்கிட்டு, பத்துக்குப் போறாரு. கேர்னலும் அப்படித்தான்.”

நினைவகம் என்பது நம்பர் போட்ட வீடுகள். ஒன்றிலிருந்து கடைசி வரை வரிசையாக இருக்கும் என்று நினைப்போம். கிடையாது. புத்தம்புது மெஷினிலும் நடுநடுவே பள்ளம்தான். சில நம்பர்களைத் திரைக்கார்டு போன்ற சாமான்கள் தமக்கென்று பிடித்து வைத்திருக்கும். சில நம்பர்களுக்குப் பின்னால் ஒன்றுமே இராது. கேர்னல் எழும்பியதும் முதல் வேலையாக, தனக்கு முன்னே விழித்திருக்கிற தொடக்க மென்பொருளிடம் கேட்கிறது: எது குடியிருக்கிற நிலம், எது ஒதுக்கிய நிலம், எது பள்ளம்? வந்த பட்டியலை வைத்துத் தன் பதிவேட்டை எழுதிக்கொண்ட பிறகுதான் ஓர் ஆளைக் குடியேற்றுகிறது. முன்னொரு காலத்தில் பள்ளத்து நம்பர்களுக்கும் சேர்த்துப் பதிவேட்டில் ஆளுக்கொரு வரி எழுதி வைத்திருந்தார்கள். பள்ளம் பெரிதானால் பதிவேடே பாதி வீட்டை அடைத்துக்கொள்ளும். பிறகு யாரோ ஒரு புண்ணியவான் தோட்டத்தைப் பிரிக்கிற மாதிரி மலையை டிவிஷன் டிவிஷனாகப் பிரித்து, வீடு இருக்கிற டிவிஷனுக்கு மட்டும் பதிவேடு போதும் என்று வைத்தான். எனக்கு இதில் பிடித்தது கெட்டித்தனம் மட்டுமல்ல. பள்ளம் இருக்கிறதே என்று அது புலம்புவதில்லை, வெட்கப்படுவதும் இல்லை. குறித்து வைத்துக்கொண்டு தாண்டிப் போகிறது. (இந்தக் குணம் எங்கள் சொந்தக்காரர் பலருக்கு வேண்டும்.)

“இதுல பெரிய விசயம், நாமளும் ஒரு பள்ளம் சொல்லலாம்,” என்றேன். “இந்த நம்பர்ல இருந்து இந்த நம்பர் வரைக்கும் ரிசர்வ், யாரும் கால் வைக்கக் கூடாதுன்னு ஒரு வரி எழுதினா போதும். ஏன்னு கேக்காது. நம்பிரும்.”

“உது ஓட்டைச் சட்டியில தண்ணி அள்ளுற வேலையெல்லோ,” என்றார் அத்தான்.

“ஓட்டை எந்தப் பக்கம்னு தெரிஞ்சா சாய்ச்சுப் பிடிச்சு அள்ளலாம் அத்தான்.”

“அது சரி. அந்தப் பள்ளம் இடம் மாறினா?”

சிரித்தேன். இன்றைக்கு நினைத்தாலும் அந்தச் சிரிப்பு என் காதில் கேட்கிறது. “மாறாது அத்தான். இது என்ன மண்சரிவா?”

அழுகிய இடத்தைச் சுற்றி அறுபத்து நாலு மெகாபைட்டுக்கு வேலி போட்டேன். மூன்று நாள் மெஷின் ஒருமுறை கூட நிற்கவில்லை. அக்கா மூன்று தடவை ஒத்திகை பார்த்தார். பக்கத்து வீட்டு ஆட்களிடம் அத்தானே, “மச்சான் கெட்டிக்காரன்தான்,” என்று சொன்னதாகக் கேள்வி. அங்கேயே என் கதை முடிந்திருந்தால் நான் மனிதன்.

பரீட்சை காலை பத்து மணிக்கு. எட்டுக்கே போய்விட்டேன். டை கட்டிக்கொண்டு போனேன். (கமெராவில் நான் தெரியப் போவதில்லை. அது வேறு விசயம்.) அக்கா சாமி அறையில். அத்தான் குசினியில் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டிருந்தார். மெஷின் அழகாக ஓடிக்கொண்டிருந்தது. எனக்குச் செய்ய ஒரு வேலையும் இல்லை. என் வாழ்க்கையின் ஆபத்தான நிமிடங்கள் எல்லாம் இப்படித்தான் தொடங்கியிருக்கின்றன.

கொஞ்சம் தூசு தெரிந்தது. சட்டைப் பையில் அழிறப்பர் இருந்தது.

மெஷினை நிறுத்தினேன். மூடியைக் கழற்றினேன். இரண்டு ரெம் கார்டையும் உருவி மேசைவிரிப்பில் வைத்து, கல்யாணப் பெண்ணின் நகையைத் துலக்குகிற மாதிரித் துலக்கினேன். திரும்பப் பொருத்தி இயக்கினேன். சமர்த்தாக எழும்பியது. அக்கா வந்து கதிரையில் உட்கார்ந்து, “என்னடா, மூஞ்சில இவ்வளவு சந்தோசம்?” என்று கேட்டார். “சும்மாதான் அக்கா,” என்றேன்.

பத்து மணி. திரையில் மூன்று பரீட்சகர்கள். அக்கா முதலாம் அத்தியாயம் சொன்னார், இரண்டாவது சொன்னார். நான் சுவரோரம் நின்று, நானே எழுதின ஆய்வு மாதிரித் தலையாட்டிக்கொண்டிருந்தேன். மூன்றாம் அத்தியாயத்தின் பெரிய வரைபடத்தைத் திறந்த நேரம், பேராசிரியர்கள் மூன்று பேரும் அப்படியே உறைந்தார்கள். ஒருவருக்கு வாய் திறந்தபடி. பிறகு திரை கறுத்து, வெள்ளை எழுத்துகள் வரிசையாக இறங்கின.

அது கேர்னலின் கடைசி வாக்கு. தன் பதிவேட்டையே நம்ப முடியாமல் போனால், பிழையான எதையும் எழுதி வைத்துவிடாமல் இருந்த இடத்திலேயே நின்றுவிடும். யோசித்துப் பார்த்தால் உத்தமமான குணம். அன்றைக்கு யோசிக்கிற நிலையில் நான் இல்லை. மேசைக்குக் கீழே பாய்ந்தேன். திரும்ப இயக்கினேன். எழும்பியது, படத்தைத் திறந்ததும் மறுபடி விழுந்தது.

“மோகன்,” என்றார் அக்கா. அவ்வளவுதான். அக்கா என்னை முழுப் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் வீட்டில் எல்லோரும் வேறு அறைக்குப் போய்விடுவார்கள். எனக்குப் போக இடம் மேசைக்குக் கீழேதான்.

மூடியைத் திறந்து பார்த்தபோது விளங்கியது. இரண்டு கார்டும் ஒட்டிப் பிறந்த பிள்ளைகள் மாதிரி ஒரே அச்சு. துலக்கிய சந்தோசத்தில் இடம் மாற்றிப் பொருத்தியிருக்கிறேன். அந்தப் பழைய போர்டில் முதல் கார்டுக்குக் கீழ் நம்பர்கள், இரண்டாவதுக்கு மேல் நம்பர்கள். மேலே இருந்த பள்ளம் இப்போது கீழே. கேர்னலோ நான் எழுதிக் கொடுத்த பழைய நம்பரைக் கண் இமைக்காமல் காவல் காத்துக்கொண்டிருந்தது. நல்ல நிலத்தைச் சுற்றி வேலி. சேற்றில் அக்காவின் மூன்றாம் அத்தியாயம்.

அதற்குள் அத்தான் தன் போனில் பரீட்சகர்களைப் பிடித்து, அக்காவின் முன்னால் சீனிப் போத்தலில் சாய்த்து வைத்துவிட்டார்.

வாய் திறந்து உறைந்திருந்த பேராசிரியர் கேட்டார்: “உங்கட படங்கள் எல்லாம் போயிட்டுதே பிள்ளை. நிப்பாட்டுவமோ?”

ஒரு வருடம் அந்தக் கேள்வியில் தொங்கிக்கொண்டிருந்தது.

“வேணாம் சார்,” என்றார் அக்கா. “மூணாம் அத்தியாயத்துல ஒரு பள்ளம் விழுந்திருச்சு. எங்க ஆரம்பிச்சு எங்க முடியுதுன்னு எனக்குத் தெரியும். தாண்டிப் போறேன்.”

போனார். படமில்லாமல், தாளில்லாமல், நாலாம் அத்தியாயத்தில் போய் இறங்கினார். கடைசியில் ஒரு பேராசிரியை பிடித்துக்கொண்டார்: “ஒரு தவணை முழுக்கப் பாடசாலைக்கு வராத பிள்ளை, விட்ட பாடத்தை முதல்ல படிச்சு முடிச்சாத்தானே அடுத்தது விளங்கும்?”

நான் மேசைக்குக் கீழே இருந்து அவர் கால் விரல்களைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

“எங்க லயத்துல ஏழாம் நம்பருக்குப் பிறகு பத்தாம் நம்பர் வீடு மேடம். நடுவுல ரெண்டு வீடு மண்ணோட போயிருச்சு. அதுக்காகப் பத்தாம் வீட்டுக்குக் காயிதம் வராம நிக்கல. தபால்காரருக்குப் பள்ளம் எங்கன்னு தெரியும். ஒரு பிள்ளைக்கு எங்க பள்ளம்னு நாங்க எழுதி வைக்கிறதில்ல. இல்லாத மாதிரி நெனச்சு அது மேலயே பாடத்தைக் கட்டுறோம். அதான் பிள்ள விழுது.”

போன் திரையில் மூன்று பேரும் அசையவில்லை. அதுவும் உறைந்துவிட்டதோ என்று பயந்தேன்.

“இது ஆய்வேட்டில இல்லையே?”

“இல்ல மேடம்.”

“எழுதுங்கோ.”

பிறகு, வாய் திறந்து உறைந்திருந்த அந்தப் பேராசிரியர் கேட்டார்: “இன்னுமொரு கேள்வி. உங்களுக்குப் பக்கத்தில மேசைக்குக் கீழ இருந்து டை கட்டின ஒராள் எட்டிப் பாக்கிறார். அவர் ஆர்?”

“என் தம்பி சார். டெக்னிக்கல் சப்போட்.”

சிறு திருத்தங்களுடன் சித்தி, அதாவது பாஸ். அக்கா அழுதார், சிரித்தார், பிறகு என்னைப் பார்த்தார். கார்டு மாறிய கதையைச் சொன்னேன். அத்தான் தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்தார்.

“பள்ளம் மாறேல்ல தம்பி. நீ மலையையெல்லோ தூக்கி மாத்தி வச்சனி.”

என் சேகரிப்பில் இதைவிட நல்ல வசனம் இன்றுவரை சேரவில்லை. நானாவிடம் சொன்னபோது என் சட்டைப் பையில் கைவிட்டு அழிறப்பரை எடுத்து, மேசை லாச்சியில் போட்டுப் பூட்டினார். இப்போதும் அது தேவை என்றால் அவரிடம் சாவி கேட்க வேண்டும். குண்டசாலைக்குப் போனால் வாசலிலேயே அத்தான் குரல் கொடுப்பார்: “சாந்தி, தம்பி வாறான். ஓடுற சாமானெல்லாத்தையும் எடுத்து ஒளி.”

சில மாதம் கழித்து ஆய்வேடு கட்டி வந்தது. மூன்றாம் அத்தியாயத்தில் எங்கள் லயமும் தபால்காரரும் இருந்தார்கள். எனக்கு ஆசை தாங்காமல் நன்றியுரைப் பக்கத்தைப் புரட்டினேன். பரீட்சகர்களுக்கு நன்றி, அத்தானுக்கு நன்றி, ரெம் தேடி அலைந்த நிஸாம் நானாவுக்குக் கூட நன்றி. அத்தானுக்கும் நானாவுக்கும் நடுவில் நாலு வரி அளவுக்கு வெறும் வெள்ளை.

“அச்சுல ஏதோ விட்டுப்போச்சு அக்கா,” என்றேன்.

அக்கா எட்டிப் பார்த்தார். “விட்டுப்போகலடா. அது உன் இடம். ரிசர்வ் பண்ணி வச்சிருக்கேன். யாரும் கால் வைக்க மாட்டாங்க.”