எழுபதில் நின்ற முள்

பெட்டியின் மூடி மூடமாட்டேன் என்றது. நேற்று மாலை வரை ஒரு விரலால் தொட்டாலே 'பொத்'தென்று வந்து உட்கார்ந்த மூடி. இன்று காலை ஸ்டோர் கீப்பர் இரண்டு கையாலும் அழுத்திப் பார்த்தார், முழங்கையை ஊன்றிப் பார்த்தார், கடைசியில் மேலேயே ஏறி உட்கார்ந்தார். அப்போதும் அது ஒரு விரல்கடை இடைவெளி விட்டு விறைத்துக்கொண்டு நின்றது.

“என்னங்க, அது மேல உக்காந்து என்ன பண்றீங்க?” என்று சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்தாள் மனைவி.

“மரம் மூச்சு விடுது. முதல் நாள் அப்படித்தான் இருக்கும். எனக்குத் தெரியும்.”

தொழிற்சாலையில் அவருக்குப் பட்டப்பெயரே 'தெரியும் சார்'தான். பம்புக்கு வாஷர் எந்த அளவு என்று கேட்டாலும் “தெரியும்”, பக்கத்து ஊருக்கு வழி கேட்டாலும் “தெரியும்”. அந்த வழியில் போனவர்கள் சற்றுத் தாமதமாகத் திரும்பி வந்தார்கள்.

பெட்டி முதலாளியுடையது. வெளிநாட்டு வாடிக்கையாளர் ஒருவர் பரிசாக அனுப்பியது. வெளியே முகம் பார்க்கலாம் போலப் பளபளப்பு, உள்ளே தேவதாருப் பலகை, மூடியின் உட்புறம் ஈரப்பதம் காட்டும் வட்டமான முள். கூடவே இருபத்தைந்து சுருட்டுகள். முதலாளியம்மா நேற்று மதியம் அதை டிரைவரிடம் கொடுத்தனுப்பிவிட்டு, போனிலும் பேசினார்.

“சுருட்டு வைக்கிறதுக்கு முன்னாடி பெட்டியைப் பக்குவப்படுத்தணுமாம். திங்கக்கிழமை சாருக்குப் பிறந்தநாள். அதுக்குள்ள ரெடி பண்ணிடுவீங்களா?”

“தெரியும் மேடம். விட்டுடுங்க என்கிட்ட.”

துணை மேலாளர் நாற்காலி இரண்டு மாதமாகக் காலி. அதற்குக் கண் வைத்திருந்தவர்கள் இரண்டு பேர்: இவரும், தரக்கட்டுப்பாட்டுக்காரரும். தரக்கட்டுப்பாட்டுக்காரர் வீட்டுக்கு எந்தப் பெட்டியும் போகவில்லை. அதுவே பாதி உத்தரவு என்று இவர் கணக்குப் போட்டார்.

பெட்டியோடு வந்த குறிப்பு ஏதோ புரியாத மொழியில் இருந்தது. நல்லவேளையாகப் படங்கள் இருந்தன. முதல் படத்தில் ஒரு கை ஈரத்துணியால் பலகையைத் துடைத்தது. இரண்டாவதில் பெட்டிக்குள் ஒரு கிண்ணம் தண்ணீர், முள் எழுபதில். மூன்றாவதில் ஈரப்பெட்டிக்குள் சுருட்டு, அதன் மேல் பெரிய சிவப்புப் பெருக்கல் குறி.

“அப்பா, இப்போ சுருட்டு வைக்கக் கூடாதுன்னு போட்டிருக்கு,” என்றாள் கல்லூரிக்குப் போகும் மகள்.

“பெருக்கல் குறின்னா என்ன அர்த்தம்? நிறைய வைக்கலாம்னு அர்த்தம். கணக்குல நீ எவ்வளவு மார்க்கு?”

இருபத்தைந்தையும் நேற்று இரவே உள்ளே அடுக்கினார். அதற்கு முன் துடைக்கவும் செய்தார். துடைத்தார் என்பதைவிட, இரண்டு சொம்புத் தண்ணீர் ஊற்றிக் குளிப்பாட்டினார் என்பதுதான் சரி. ஈரத்துணி தரும் ஈரத்தை நேராகத் தண்ணீரே தந்துவிட்டால் ஒரு வேலை மிச்சம்.

இப்போது முள் தொண்ணூற்று நாலில் நின்றது. சுருட்டுகள் பிரசவத்துக்கு நாள் குறித்தவை போல உப்பிக் கிடந்தன.

“இறக்கிடலாம். உன் முடி காயவைக்கிற மெஷினைக் கொடு,” என்றார் மகளிடம்.

அரை மணி நேரம் சூடான காற்று. முள் சரசரவென இறங்கி முப்பதைத் தாண்டியும் நிற்கவில்லை. மூடி மட்டும் அழகாக மூடிக்கொண்டது. “பாத்தியா!” என்று மனைவி பக்கம் திரும்பிய நொடியில் 'டப்' என்று சத்தம். மூடியின் குறுக்கே கோடு கிழித்த மாதிரி ஒரு விரிசல்.

“யாராவது தெரிஞ்சவங்களைக் கேளுங்களேன்.”

“தெரிஞ்சவன் நானே இருக்கும்போது யாரைக் கேக்கறது?”

விரிசலுக்குப் பசை போட்டார். கொஞ்சம் தாராளமாகவே போட்டார். விரிசல் மறைந்தது, பெட்டியைத் திறந்தால் செருப்புக் கடைக்குள் நுழைந்த மாதிரி வாசனை வந்தது. வாசனைக்கு மருந்தாக அலமாரியிலிருந்து நாலு அந்துருண்டை. பிறகு ஒரு கிண்ணம் தண்ணீர். மூடினார்.

மறுநாள் காலை முள் மிகச் சரியாக எழுபதில் நின்றது.

ஸ்டோர் கீப்பர் வீட்டையே கூட்டிக் காட்டினார். “எழுபது! ஒரு புள்ளி கூடவும் இல்ல, ஒரு புள்ளி குறையவும் இல்ல.”

சனிக்கிழமையும் எழுபது. ஞாயிற்றுக்கிழமையும் எழுபது. அவ்வளவு ஒழுக்கமான முள்ளை அவர் வாழ்நாளில் பார்த்ததில்லை. திங்கட்கிழமை கிளம்பும்போது மகள் அதைச் சுண்டிப் பார்த்தாள்.

“அப்பா, பசை ஒழுகி முள்ளு ஒட்டிக்கிட்டிருக்கு.”

அதுவரை முள்ளை மட்டுமே பார்த்துவந்தவர் அவசரமாகக் கிண்ணத்தை எடுத்துவிட்டு அடியில் பார்த்தார். சுருட்டுகளின் மேல் வெள்ளை வெளேரென்று பூஞ்சை, குளிருக்குப் போர்த்திய மாதிரி. பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் ஒவ்வொன்றாகத் தேய்த்தார். நாலு உதிர்ந்தன.

“பழசாச்சுன்னா சுருட்டு இப்படித்தான். பக்குவம்னா அதான்,” என்றபடி பெட்டியைத் தூக்கிக்கொண்டார்.

முதலாளி தன் வீட்டுக் கூடத்தில் ஆசையோடு மூடியைத் திறந்தார். புருவம் சுருங்கியது. ஒரு சுருட்டை எடுத்தார். பாதி கையோடு வந்தது. இன்னொன்றைப் பற்றவைத்து ஆழமாக ஓர் இழுப்பு இழுத்தார்.

அடுத்த ஐந்து நிமிடம் அவர் இருமிக்கொண்டே இருந்தார்.

“எ...என்னய்யா இது?”

“பக்குவம் சார்.”

“பக்குவமா? பீரோவுக்குள்ள தலைய விட்ட மாதிரி இருக்கு! வாயில இருக்கிற நாத்தம் இன்னும் போகமாட்டேங்குது. இந்த ஜென்மத்துல எனக்குச் சுருட்டே வேண்டாம். இந்த வீட்டுல அந்தப் பேச்சே வரக்கூடாது. தூக்கிட்டுப் போங்க!”

ஸ்டோர் கீப்பர் பெட்டியை அணைத்துக்கொண்டு வாசலுக்கு வந்தார். நாற்காலி போயிற்று. இருக்கிற ஸ்டோர் சாவியாவது மிஞ்சுமா என்று நினைத்தபோது, பின்னாலேயே முதலாளியம்மா வந்தார். கம்பெனியில் பாதிப் பங்கு அவருடையது.

“ரொம்ப நன்றி. நான் எதிர்பார்த்ததைவிட நல்லா செஞ்சிருக்கீங்க. துணை மேலாளர் உத்தரவுல நாளைக்குக் காலையில கையெழுத்துப் போட்டுடறேன். டிரைவர், சாரை வீட்டுல விட்டுட்டு வாப்பா.”

கார் தெருமுனை திரும்புவதற்குள் ஸ்டோர் கீப்பருக்கு முதுகு நிமிர்ந்துவிட்டது.

“பாத்தியாப்பா? சாருக்குப் பழக்கமில்ல, இருமிட்டார். ஆனா மேடத்துக்கு வேலையோட அருமை தெரியுது. அத்தனை பேர் இருக்கிற கம்பெனியில என்னைத் தேடிப் பிடிச்சிருக்காங்களே!”

டிரைவர் கண்ணாடியில் அவரைப் பார்த்து மரியாதையாகச் சிரித்தார்.

“டாக்டர் ஆறு வருஷமா சொல்லியும் ஐயா சுருட்டை விடல சார்; 'எதைக் கொடுத்தாலும் கெடுத்துக் கொண்டுவர்ற ஆளு நம்ம கம்பெனியில யாருப்பா'ன்னு அம்மா கேட்டாங்க, நான் யோசிக்கவே இல்ல.”