எட்டு மைக்கும் ஒரு மச்சினனும்

ஒரே ஒரு குரலைக் கேட்டுக்கொண்டு மற்ற எல்லாவற்றையும் அழித்துவிட வேண்டும் என்று, சம்பளம் வாங்கிக்கொண்டு பாடுபடுகிற ஓர் இனம் உண்டு. கழுத்தில் ஹெட்போன் தொங்கும். யார் எதைச் சொல்ல வந்தாலும் விரலை உயர்த்தி, “ஒரு நிமிஷம்” என்பார்கள். அந்த நிமிஷம் வருடக்கணக்கில் ஓடும். இந்த இனத்தின் தென்காசிக் கிளை நான்தான்; பெங்களூர்க் கம்பெனிக்கு வீட்டிலிருந்தே வேலை.

தொழில் எளிது. எட்டு மைக்கை ஒரு கம்பியில் வரிசையாகப் பொருத்துவேன். நேர் எதிரிலிருந்து வரும் குரல் எட்டுக்கும் ஏறக்குறைய ஒரே நேரத்தில் வந்து சேரும். பக்கத்திலிருந்து வருவது இம்மியளவு முன்பின்னாக வரும். அந்த வித்தியாசத்தை வைத்து எதிர்க்குரலைக் கூட்டி, பக்கத்துக் குரலைக் கழிக்கிற கணக்குக்கு ஃபில்டர் என்று பெயர். அதிலும் என் ஃபில்டர் தானே கற்றுக்கொள்ளும் ரகம்: பக்கத்தில் நிற்பவர் எவ்வளவு உரக்கக் கத்துகிறாரோ அவ்வளவு சுத்தமாக அவரைத் துடைத்துவிடும். இதை நான் பெருமையாகச் சொல்லித் திரிந்தேன்.

போன சீசனில் சோதனைக்கென்று மச்சினன் செந்தில்வேலைக் குற்றாலத்துக்கு அழைத்துப் போனேன். தபால் ஆபீசில் லீவு போட்டு, குளிக்கலாம் என்று துண்டும் எண்ணெயுமாக வந்தவனை, அருவிக்குக் கீழே தண்ணீர் ஓடும் ஓரத்தில் ஒரு பாறைமேல் நிறுத்தி, செய்தித்தாளை வாசிக்கச் சொன்னேன். எதிரே மைக் கம்பியை நிறுத்தி, ஹெட்போனை மாட்டிக்கொண்டு, லேப்டாப் திரையில் கண்ணை வைத்து உட்கார்ந்தேன்.

“எவ்ளோ நேரம் அத்தான்?”

“ஒரு நிமிஷம்.”

முக்கால் மணி நேரம் வாசித்தான். அப்போது இடதுபுறப் படிக்கட்டிலிருந்து ஒரு குரல் நுழைவது திரையில் கோடாகத் தெரிந்தது. ஃபில்டர் அதைத் துடைத்தது. குரல் இன்னும் உரக்க வந்தது. இன்னும் சுத்தமாகத் துடைத்தது. ஒரு பொறியாளனுக்கு இதைவிட என்ன வேண்டும்? கத்தியவர் போலீஸ்காரர் மாடக்கண்ணு என்பதும், மலையில் மழை, தண்ணீர் ஏறுகிறது, மேலே வாருங்கள் என்று அவர் தொண்டை கிழியச் சொல்லிக்கொண்டிருந்தார் என்பதும் எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

செந்தில்வேலுக்கு அது கேட்டுவிட்டது. செய்தித்தாளைத் தாழ்த்தினான்.

“அத்தான், தண்ணி ஏறுதுல்லா. போலீஸ்காரரு மேல வரச் சொல்லுதாரு.”

ஒவ்வோர் எழுத்தும் தெளிவாகக் கேட்டது. ணகரத்தில்கூடப் பிசிறில்லை.

“அருமை. இன்னொருக்க சொல்லு,” என்றேன்.

சொன்னான். முப்பத்தெட்டு வயதிலும் அக்கா புருஷன் பேச்சைத் தட்டாதவன். மூன்றாம் முறை சொன்னபோது தண்ணீர் அவன் முழங்காலைத் தொட்டிருந்தது.

மாடக்கண்ணு இறங்கி வந்து என் ஹெட்போனைப் பிடுங்கினார். அருவி மொத்தமாகக் காதில் விழுந்தது. நான் லேப்டாப்பைத் தூக்கினேன். அவர் செந்தில்வேலைத் தூக்கினார். இந்த இரண்டு வாக்கியங்களையும் அடுத்தடுத்து எழுத எனக்குப் பல மாதங்கள் ஆயின. மைக் கம்பி வெள்ளத்தோடு போயிற்று. பாறையில் உரசிய அவன் முழங்காலுக்கு ஏழு தையல்.

“சாருக்குக் காது கேக்காதோ?” என்றார் மாடக்கண்ணு. பரிதாபப்பட்டுத்தான் கேட்டார்.

“இல்ல அண்ணாச்சி, அவியளுக்கு அதான் வேல,” என்று செந்தில்வேல் எனக்காகப் பரிந்து பேசினான்.

பதிவை மீட்டிங்கில் போட்டேன். பக்கத்துச் சத்தம் முப்பது டெசிபல் குறைந்திருக்கிறது என்று மேனேஜர் பாராட்டினார். பதிவில் செந்தில்வேல் என்ன சொல்கிறான் என்று யாரும் கேட்கவில்லை. அவர்களுக்குத் தமிழ் தெரியாது. எனக்குத் தெரியும்.

என் மனைவி உமா மகேஸ்வரி கேட்டாள். தம்பி மூன்று முறை சொல்வதையும் நான் ‘அருமை’ என்பதையும் கடைசிவரை கேட்டுவிட்டு, ஹெட்போனைக் கழற்றி மேசைமேல் வைத்தாள்.

“இதுக்கு எட்டு மைக்கு எதுக்கு? ஒங்க ரெண்டு காதே இதத்தான செய்யுது.”

அன்று மாலை செந்தில்வேல் வீட்டுக்குப் போய், கட்டுப் போட்ட காலை நீட்டியிருந்தவன் எதிரில் இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். வேலை மாறுதலுக்காக ஆறு மாதமாக அலைகிறானாம். எனக்குப் புதுச் செய்தி. இதற்கு முன் நாலு தடவை என்னிடம் சொல்லியிருக்கிறானாம்.

என்னைப் பார்த்துச் சிரித்தீர்கள், சரி. ஆனால் இதை வாசித்துக்கொண்டிருந்தபோது உங்கள் பக்கத்தில் ஒருவர் ஏதோ சொன்னார், நீங்கள் தலையைத் தூக்காமல் ‘ம்’ என்றீர்கள். எழுந்து போய் என்னவென்று கேளுங்கள். எதற்குச் சம்மதித்தீர்கள் என்றாவது தெரியும்.