நாமா, நாங்களா

மலைக்கும் கடலுக்கும் நடுவே வால்தோரா என்றொரு நாடு இருந்தது. அதன் அரசருக்கு வீரம் உண்டு, அரபு தெரியாது. தெற்கே ஆண்ட சுல்தானுக்கோ அரபைத் தவிர எதுவும் தெரியாது. இருவருக்கும் சண்டை மூளாமல் கடிதம் எழுதிப் பார்த்துக்கொண்டவர் அரண்மனைச் செயலர் தோன் சாதோக். அவர் யூதர். அவருடைய தகப்பனும் பாட்டனும் அதே நாற்காலியில் இருந்தவர்கள்.

ஒருநாள் பிரதானி மெந்தோ சபையில் எழுந்து தொண்டையைச் செருமினார். அரசரின் கடிதங்களெல்லாம் 'நாம்' என்று தொடங்குகின்றன, ஒரு யூதர் அதை எழுதினால் அந்த நாமில் அவரும் சேர்ந்துவிடுகிறாரே என்றார். மூன்று நாள் ஆலோசித்துச் சபை சட்டம் போட்டது. சாதோக் அந்தச் சொல்லுக்கு இடம் விட்டு எழுத வேண்டும். தூய குலத்தவர் ஒருவர் நிரப்புவார். வேலை மெந்தோவின் மருமகனுக்குக் கிடைத்தது. அவருக்கு அரபில் தெரிந்தது அந்த ஒரே சொல்தான்.

'மூன்று கோட்டைகளை நீங்கள் தர வேண்டும்' என்று சாதோக் எழுதிய கடிதத்தில் கம்பீரம் போதவில்லை என்று, மருமகன் ஏதோ ஒரு சொல்லை அடித்துவிட்டு அங்கேயும் 'நாம்' போட்டார். சுல்தான் மகிழ்ந்து மூன்று கோட்டைகளை எடுத்துக்கொண்டார். உப்பு வரும் பாதையும் கூடவே போயிற்று. ஜனங்கள் உப்பில்லாமல் சாப்பிட்டார்கள்.

காரணம் யூதர்களே என்று சபை அன்றே கண்டுபிடித்தது. நாற்பது நாளில் அவர்கள் அனைவரும் நாட்டைவிட்டு நீங்க வேண்டும். சாதோக்குக்கு மட்டும் விலக்கு. இந்தப் பெருமையைச் சுல்தானுக்கு அரபில் எழுத வேறு ஆள் இல்லை.

அரசர் நீட்டிய பேனாவைச் சாதோக் வாங்கவில்லை.

"உம்மை யாருய்யா போகச் சொன்னது? அவங்கதான் போறாங்க. நாம இங்கேயே இருப்போம்" என்றார் அரசர்.

அந்த 'அவங்க'வில் சாதோக்கின் மனைவி, தம்பிகள், தெரு முழுவதும் அடக்கம்.

"எங்க கல்லறைங்க உங்க கோட்டையைவிடப் பழசு, அரசே. இதை என் கை எழுதாது. நாங்க போறோம்."

மூன்று தலைமுறையாக 'நாம்' எழுதிய குடும்பம் அது. எதிரில் நிற்பவரை விலக்கிவைக்கும் அந்த இன்னொரு சொல்லை அரசர் அன்றுதான் முதன்முதலாகத் தம் முகத்துக்கு நேரே கேட்டார். அதை நினைத்தால் எனக்கு இன்றும் நெஞ்சு நிமிர்கிறது.

பிறகு சுல்தானிடமிருந்து ஒரு கடிதம் வந்தது. படிக்க ஆள் இல்லை. மருமகன் தேடித்தேடி அதில் ஒரு 'நாம்' இருப்பதைக் கண்டார். ஆகவே பாராட்டுக் கடிதம் என்று தீர்மானித்துக் கோட்டைவாசலில் மாட்டினார்கள். அதில் இருந்தது ஒரே வரி: 'உங்கள் நாமில் இப்போது மிச்சம் எத்தனை பேர்?'

படிக்காமலேயே சபை அதற்கு விடை தேடிக்கொண்டிருக்கிறது. இன்று காலை முதல் இடதுகைப் பழக்கமுள்ளவர்களின் பட்டியல் தயாராகிறது. மருமகன்தான் எழுதுகிறார், இடது கையால்.