சிவப்புக் குருவியின் வால்

"ஏனுங்கய்யா, வெள்ளை வேட்டியோட காட்டுக்கு வந்துட்டீங்க? குருவியெல்லாம் பறந்துருமுங்க" என்றாள் கவிப்பிரியா.

அர்த்தநாரிக்கு முதல் அடி அது. மார்கழிப் பனியில் உடுமலைக்குத் தெற்கே இருந்த மலைக்காடு கண்ணுக்கே தெரியவில்லை. எதிரே நின்ற பெண் தெரிந்தாள். அவருக்கு அது போதும்.

பனியன் கம்பெனி அர்த்தநாரி மகனுக்குப் பெண் தேடி அலைகிறார் என்று திருப்பூரில் ஒரு சொல் கிளம்பினால் குடும்ப மானம் என்னாவது? மகன் முகிலனுக்கோ நெற்றி மேலேறிக்கொண்டே போகிறது. மனைவி போன பிறகு அப்பனும் மகனும் மெஸ் பொட்டலத்தைப் பேச்சில்லாமல் பிரிக்கிற வீடு.

"பொண்ணுக்குப் பறவை பார்க்கற பைத்தியமுங்க. நீங்களும் பறவை பார்க்கறவராட்டம் வேன்ல ஏறிக்குங்க. பொண்ணு பார்க்க வந்தீங்கன்னு ஒரு ஈ காக்காய்க்குத் தெரியாது" என்று தரகர்தான் வழி சொன்னார்.

வேட்டியை மறைக்க, வேன் டிரைவர் ராக்கையாவின் பச்சை மழைக்கோட்டை வாங்கி மாட்டினார். டீசல் நாற்றம். பொத்தான் வயிற்றைத் தாண்டி வரவில்லை.

செல்போன் அடித்தது. முகிலன்.

"எங்கப்பா இருக்கீங்க?"

"வெள்ளகோவில்ல ஒரு துக்கம், கண்ணு."

தலைக்கு மேல் ஏதோ ஒன்று கூவித் தொலைத்தது.

"துக்க ஊட்டுல குருவி கத்துதுங்களா?"

"செத்தவர் வளர்த்தது. அதுவும் அழுவுது" என்று சொல்லிப் போனை அணைத்துத் திரும்பினார். வேனில் கூட வந்த மொத்தக் கூட்டமும் அவரையே பார்த்துக்கொண்டிருந்தது.

"துக்கத்துக்குப் போகாம இங்க வந்துட்டீங்களாய்யா?" என்றாள் கவிப்பிரியா.

"குருவின்னா எனக்கு உசுரு, கண்ணு."

"அப்படீங்களா! அப்ப நீங்களே முன்னாடி வந்து பார்த்துச் சொல்லுங்க." பைனாகுலர் அவர் கைக்கு வந்துவிட்டது.

பார்த்தார். பனி. பனிக்குப் பின்னாலும் பனி. கடைசியில், தொலைவில் ஒரு கிளையில் சிவப்பாக ஏதோ ஆடியது.

"அதோ! சிவப்புக் குருவி. இந்தப் பக்கம் வராத ஜாதி."

கூட வந்த பெரியவர்களில் சாமளாபுரம் முருகவேல் முந்திக்கொண்டார். "ஆமாங்க, வாலு எத்தனை நீளம்!"

மூலனூர்க்காரர் விடவில்லை. "மூக்கு மஞ்சளுங்க."

"பக்கத்துலயே சோடி உக்காந்திருக்குதுங்களே" என்றார் குல்லாக்காரர்.

அர்த்தநாரி பைனாகுலரைக் கீழே இறக்கினார். இவர்கள் விஷயம் தெரிந்தவர்கள் போலிருக்கிறதே!

கவிப்பிரியா மரத்தடிக்குப் போய், ஒரு குச்சியால் குருவியை இழுத்துக் கீழே போட்டாள்.

"வண்டி துடைக்கற பனியன் வேஸ்ட் துணிங்கய்யா."

தொட்டுப் பார்த்தே எந்த மில் நூல் என்று சொல்லிவிடும் கை அவருடையது. அந்தக் கையால் காட்டித்தான் தன் ஊர்த் துணியையே குருவியாக்கியிருந்தார். அந்தப் பெண் சிரித்திருந்தாலாவது தேவலை. அவரை இரக்கத்தோடு பார்த்துவிட்டுத் தனியாகக் காட்டுக்குள் நடந்தாள். முகிலனின் கல்யாணமும் அவள் பின்னாலேயே பனிக்குள் போய் மறைந்தது போலிருந்தது.

முதுகை நிமிர்த்தியபடியே அர்த்தநாரி வேனுக்குத் திரும்பினார். ராக்கையா கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தான், அதே மாதிரி ஒரு சிவப்புத் துணியால்.

"ராக்கையா, அவங்கெல்லாம் பழுத்த பறவைக்காரங்க. அவங்க முன்னால இப்படித் தலை குனிஞ்சுட்டனே!"

ராக்கையா துணியை உதறினான்.

"அட நீங்க வேறைங்க! பறவை பார்க்க வந்தது அந்தப் புள்ளை ஒண்ணுதானுங்க. மத்த பெரியவங்களையும் உங்க தரகர்தானுங்க வேன்ல ஏத்திவிட்டாரு."