நாலாம் நம்பர் வயர்

தாபோடியில் இப்போது பொய் சொல்ல யாருக்கும் தைரியம் இல்லை. சொன்னால் அம்மன் ஊதிவிடுவாள். அங்குள்ள தமிழர்களின் அம்மன் கோயிலில், சந்நிதியில் நின்று பொய் பேசினால் கூரையில் உள்ள சைரன் அலறும். உண்டியல் திருடனுக்காக மாட்டிய சைரன்தான். அதில் அம்மன் இறங்கிவிட்டதைக் கண்டுபிடித்தவர் அங்கே அருள்வாக்கு சொல்லும் விச்சு குருஜி. வெள்ளிக்கிழமைதோறும் சுற்றுவட்டாரத்து ஹடப்சரிலிருந்தும் தளேகாவிலிருந்தும் பெண்கள் தங்கள் கணவன்மாரைக் கூட்டிவந்து அங்கே நிறுத்தினார்கள். காணிக்கை வைக்காதவர்கள் எல்லோருமே பொய்யர்களாக இருந்தது தற்செயல்தான்.

கோயில் செயலாளர் சின்னதுரைக்குப் பெருமை தாங்கவில்லை. ஆயுதத் தொழிற்சாலையில் முப்பது வருஷம் ஒவ்வொரு சாமானையும் அளந்து பார்த்து வாங்கியவர். கோயிலுக்கு மட்டும் அளவுகோலை வீட்டில் வைத்துவிட்டு வருவார். சைரன் அடித்ததும் பக்தர்கள் அத்தனை பேர் செல்போனுக்கும் செய்தி அனுப்பும் பெட்டி ஒன்று இருப்பதாகக் கேள்விப்பட்டு, அதைப் பொருத்த பானுவை வரவழைத்தார். குருஜி கண்ணை மூடி ஆசி வழங்கினார். கண்ணை மூடியதுதான் தப்பாகப் போயிற்று.

பானு அலாரம் மாட்டும் பெண். பழைய பெட்டியைத் திறந்து ஒவ்வொரு வயராகப் பிடித்துக்கொண்டே போனாள். ஒன்று கதவுக்கு, இரண்டு ஜன்னலுக்கு, மூன்று உண்டியலுக்கு. நாலாவது, குருஜி உட்காரும் பலகைக்கு அடியில் போய் நின்றது.

"அங்கிள், இந்த நாலாவது வயர் எதுக்கு?"

"அதுலதாம்மா அம்மன் சக்தி இறங்குது. குருஜி சொல்லியிருக்காரு."

"அச்சா. ஆனா வயர் எங்க போகுதோ அந்தப் பேர்தான் நான் போடுவேன். மெசேஜ்ல அதான் வரும். ஒருவாட்டி படிச்சுப் பாத்து சைன் பண்ணுங்க."

"குருஜியே சரின்னுட்டாரு. இதுல படிக்க என்ன இருக்கு?" என்று சின்னதுரை கையெழுத்துப் போட்டார்.

மறுநாள் வெள்ளிக்கிழமை. அன்று நிறுத்தப்பட்டவள் வனஜா, சின்னதுரையின் கூடப் பிறந்த தங்கை. புருஷனை இழந்து அண்ணன் வீட்டில் இருந்துகொண்டு கோயிலைக் கூட்டிப் பெருக்குகிறவள். அம்மனின் வெள்ளி விளக்கு காணாமல் போயிருந்தது. எடுத்தது வனஜாதான் என்று குருஜிக்குத் தோன்றியது. போன வாரம் பலகையை நகர்த்திப் பெருக்கும்போது, "அடியில என்னமோ பட்டன் இருக்கே சாமி?" என்று அவள் கேட்டிருந்தாள். அதற்குப் பிறகுதான் அவருக்கு அப்படித் தோன்ற ஆரம்பித்தது. அம்மன் ஊதினால் தங்கைக்குத் தன் வீட்டில் இடமில்லை என்று சின்னதுரை எல்லார் முன்னாலும் சொல்லியிருந்தார். அவளுடைய துணிப்பெட்டியைக் கோயில் வாசலில் கொண்டுவந்து வைத்தும் விட்டார்.

"நான் எடுக்கலண்ணே," என்றாள் வனஜா.

சைரன் அலறியது. கூட்டம் கன்னத்தில் போட்டுக்கொண்டது. சின்னதுரை முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

உடனே இருநூறு செல்போன்கள் கிணுகிணுத்தன. சிலர் செய்தியைக் கண்ணில் ஒற்றிக்கொண்ட பிறகே படித்தார்கள். "வயர் 4. குருஜி பலகை. அடியில் உள்ள பட்டன் அழுத்தப்பட்டது."

"அம்மன் நம்மளச் சோதிக்கிறா!" என்றார் குருஜி.

பெட்டி ஒழுங்காக வேலை செய்கிறதா என்று பார்க்க வந்திருந்த பானு முன்னால் வந்தாள். "சோதிச்சுரலாம் குருஜி. கொஞ்சம் எந்திரிங்க."

குருஜிக்கு எழுந்திருக்க மனமில்லை. நாலு பேர் உதவினார்கள்.

"அக்கா, இப்ப ஒரு பொய் சொல்லுங்க," என்றாள் பானு.

"எனக்குப் பதினாறு வயசு."

அம்மன் வாயைத் திறக்கவில்லை.

"இன்னொண்ணு?"

"எங்கண்ணன் பெரிய புத்திசாலி."

அதற்கும் அம்மன் ஊதவில்லை. பானு பலகைக்கு அடியில் கையை விட்டுப் பட்டனை அழுத்தினாள். சைரன் அலறியது. இருநூறு செல்போன்களும் மறுபடி அதையே சொல்லின.

வெள்ளி விளக்கு குருஜியின் பைக்குள் இருந்தது. அதைக் கண்டுபிடிக்க சைரன் தேவைப்படவில்லை.

சின்னதுரை வாசலுக்குப் போய்த் துணிப்பெட்டியைத் தூக்கினார். "வீட்டுக்கு வாம்மா," என்றார்.

வனஜா அவர் கையிலிருந்து பெட்டியை வாங்கிக்கொண்டாள்.

"மூணு வருசமா அந்தப் பலகை முன்னாடி குனிஞ்சு குனிஞ்சு கும்பிட்டியேண்ணே. ஒரே ஒருவாட்டி குனிஞ்சு பாத்திருக்கக் கூடாதா?"